ஒத்திகை வீடு

காலையிலேயே லாண்டரிக்காரருக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறி நின்றது. இருக்காதா பின்னே? கடையில் ஆஸ்பத்திரிப் போர்வைகள் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. அதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்தால், நன்றாக இருக்கிற மனுஷனைப் பிடித்துச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறார்கள்.

"எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு டீச்சர்," என்றார்.

"இன்னிக்கு உங்களுக்குக் காலே கிடையாது. வாயும் கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லது," என்றார் விசில் டீச்சர்.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்ததே தவிர, கழுத்தில் தொங்கும் விசில் ஓயவில்லை. ஊர் விட்டு ஊர் வரும் அகதிக் குடும்பங்களுக்கு வீடு தயார் செய்து கொடுக்கும் சின்னக் குழு ஒன்றை அவர்தான் நடத்தினார். குழு என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டீச்சர், ஒரு பிளம்பர், லாண்டரிக்காரரின் மனைவி, அவ்வளவுதான். லாண்டரிக்காரர் உறுப்பினர் இல்லை. மனைவி பேச்சைத் தட்ட முடியாமல் வந்து மாட்டிக்கொண்டவர்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்பொரு தடவை ஒரு வீட்டைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தார்கள். ஸ்பூன் முதல் திரைச்சீலை வரை எல்லாம் இருந்தது. ஆனால் சமையலறை விளக்கின் ஸ்விட்சை மறைத்து அலமாரியை நிறுத்திவிட்டார்கள். வந்த குடும்பம் கூச்சப்பட்டுக்கொண்டு யாரிடமும் வாய் திறக்கவில்லை. பல வாரம் இருட்டிலேயே சமைத்திருக்கிறார்கள். தெரியவந்த அன்று டீச்சர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் எந்த வீட்டையும் அப்படியே கொடுக்க முடியாது, குடும்பம் வருவதற்கு முந்தின நாள் நாமே அந்தக் குடும்பமாக அங்கே ஒரு பகல் முழுக்க வாழ்ந்து பார்க்க வேண்டும் என்றார். சமைக்க வேண்டும், குளிக்க வேண்டும், துணி துவைத்துக் காயப்போட வேண்டும். சண்டை கூடப் போட வேண்டும். கோபித்துக்கொண்டு போய் உட்கார வீட்டில் ஒரு மூலை இருக்கிறதா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? இதற்கு ஒத்திகை என்று பெயர்.

அச்சகத்துக்குப் பின்பக்கம் இருந்த தரைத்தள வீடு அது. இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. சுவரில் எவ்வளவு வெள்ளையடித்தும் மை வாசனை போகவில்லை. அன்றைய நாடகத்தில் பிளம்பர்தான் குடும்பத் தலைவன். லாண்டரிக்காரரின் மனைவி குடும்பத் தலைவி. இரண்டு பெண் குழந்தைகளாகவும் டீச்சரே இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். அக்கா என்று கூப்பிடுகிறவரைப் போய் மனைவி என்று நினைக்கச் சொன்னதும் பிளம்பருக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"கூச்சப்படாதப்பா," என்றார் லாண்டரிக்காரர். "உனக்காவது ஒரு வாய் காபி சூடா கிடைக்குதான்னு பாக்கறேன்."

"நீங்க கடையை விட்டு நேரத்துக்கு வந்தா உங்களுக்கும் சூடாத்தான் கிடைக்கும்," என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

நாற்காலியில் உட்கார வேண்டிய உண்மையான ஆள், வரப்போகிற குடும்பத் தலைவனின் அண்ணன். சண்டை நடந்த ஊரில் இரண்டு கால்களையும் முட்டிக்கு மேலே இழந்தவர். தம்பி அவரை முதுகில் சுமந்துகொண்டு மலை தாண்டி, எல்லை தாண்டி, முகாம் முகாமாக வந்து சேர்ந்திருக்கிறான். பெண்டாட்டியும் இரண்டு பெண் குழந்தைகளும் பின்னாலேயே நடந்திருக்கிறார்கள். இவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதுவே போதாதா?

ஆனால் அகதிகள் அலுவலகத்து அதிகாரியம்மா போனில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார். குடும்பம் வரும் வண்டியிலேயே அவரும் வருவார். அந்த அண்ணன் யார் துணையும் இல்லாமல் மூன்று காரியம் செய்து காட்ட வேண்டும். படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போய்வர வேண்டும். தாகம் எடுத்தால் தண்ணீர் எடுத்துக் குடிக்க வேண்டும். வாசல் கதவைத் திறந்து வெளியே போய்விட்டு உள்ளே வர வேண்டும். தம்பியும் அவன் மனைவியும் வந்த மறுநாளே வேலைக்குப் போக வேண்டியவர்கள். பகலில் வீடு தீப்பிடித்தால் யார் தூக்குவது? மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அண்ணனை அதே வண்டியில் வேறு ஊரிலிருக்கும் காப்பகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். "அங்கேயும் நல்லாத்தான் பாத்துப்பாங்க மேடம்," என்று அதிகாரியம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் பயமாக இருந்தது.

விசில் ஊதப்பட்டது. லாண்டரிக்காரர் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு குளியலறைப் பக்கம் கிளம்பினார். கதவு நிலைக்குள் நுழைந்ததுதான் தாமதம், "அய்யோ!" என்று அலறினார். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் நிலையில் உரசித் தோல் உரிந்துவிட்டது.

"அளந்துதானே வாங்கினோம்! நேத்துக்கூட தள்ளிப் பார்த்தோமே, சரியா போச்சே!" என்றார் பிளம்பர்.

"யாரு தள்ளினது?"

"நான்தான், பின்னாலேர்ந்து."

"அறிவுக்கொழுந்தே, நீ பின்னால நின்னு தள்ளினா நாற்காலி மட்டும்தான் உள்ள போகும். தானா தள்ளிக்கிட்டுப் போறவனுக்கு ரெண்டு பக்கமும் கை இருக்குமே, அதை எங்க கழட்டி வைக்கறது?"

உதவி செய்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. தாங்கள் கூடவே இருப்போம் என்று நினைத்தே அளந்திருக்கிறார்கள். டீச்சர் நேரே வீட்டுக்காரரான அச்சக முதலாளியிடம் போய் நிலையைப் பெயர்க்க அனுமதி கேட்டார். "உடைச்சுக்குங்க, ஆனா அது என் காதுல விழக் கூடாது," என்றார் அவர். சொன்ன கையோடு அச்சு இயந்திரத்தை ஓடவிட்டு அந்த இரைச்சலில் போய் உட்கார்ந்துகொண்டார். நிலையைப் பெயர்த்து வழியை அகலமாக்கி, கதவுக்குப் பதில் ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட்டார்கள்.

அதற்குப் பிறகு லாண்டரிக்காரருக்குச் சூடு பிடித்துவிட்டது. கடைப் போர்வையெல்லாம் மறந்தே போயிற்று. கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி தள்ளி இருக்கிறது என்றார். மாற்றினார்கள். கமோடு தாழ்வாக இருக்கிறது, நாற்காலியிலிருந்து நகர்ந்தால் தொபுக்கென்று விழுகிறேன் என்றார். உயரம் கூட்ட ஒரு வளையம் போட்டார்கள். தாழ்ப்பாள் எட்டவில்லை, தண்ணீர்க் குடம் எட்டவில்லை, கட்டில் தாழ்வாக இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனார். பிளம்பர் துளைபோடும் இயந்திரத்தோடு பின்னாலேயே ஓடினார். எல்லாவற்றையும் நாற்காலியின் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மத்தியானம் போல ஒன்று நடந்தது. லாண்டரிக்காரருக்குத் தாகம் எடுத்தது. குடத்தை அப்போது இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, கொஞ்சம் தண்ணி," என்றார். மனைவி கை வேலையாக இருந்தாள். இன்னொரு தடவை கேட்கலாமா என்று யோசித்தார். நச்சரிக்கிறேன் என்று நினைத்துவிடுவாளோ என்று பேசாமல் இருந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்து அரை நாள்தான் ஆகிறது, அதுவும் நடிப்பு, அதற்குள் கட்டின மனைவியிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தயங்கிய அந்தக் கணம் அவரை உலுக்கிவிட்டது.

"என்னங்க, முகமே சரியில்லை?" என்று கேட்டுக்கொண்டே அவள் தண்ணீரோடு வந்தாள்.

"அந்த ஆள் எத்தனை தடவை கேட்டிருப்பான், எத்தனை தடவை கேக்காம விட்டிருப்பான்னு நினைச்சேன்," என்றார். அதற்கப்புறம் அவர் யாரையும் கேலி செய்யவில்லை.

சாயங்காலம் மூன்று காரியங்களையும் யார் கையும் படாமல் செய்து முடித்தபோது டீச்சர் விசிலை ஊதித் தீர்த்துவிட்டார். லாண்டரிக்காரருக்கு வியர்வை ஆறாகக் கொட்டியது. பட்டம் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வண்டி வந்து நின்றது. முதலில் அதிகாரியம்மா இறங்கினார். பிறகு இரண்டு பெண் குழந்தைகளும் அம்மாவும். பிறகு தம்பி. ஒல்லியான ஆள், முதுகு லேசாக வளைந்திருந்தது. அவன் வண்டிக்குள் கையை விட்டு எதையோ எடுத்துத் தரையில் வைத்தான். அடியில் நான்கு சின்னச் சக்கரம் வைத்த பலகை அது. அடுத்து அண்ணனை முதுகில் ஏற்றி இறக்கி அதன்மேல் உட்கார்த்தினான். அண்ணன் இரண்டு கையிலும் மரக்கட்டையைப் பிடித்துத் தரையை உந்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். நரைத்த தாடி, நல்ல அகலமான தோள். வரிசையாக நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர் தலை லாண்டரிக்காரரின் இடுப்புக்குக் கூட வரவில்லை.

லாண்டரிக்காரர் திரும்பி, நேற்று வைத்த தாழ்ப்பாளின் உயரத்தைப் பார்த்தார்.

அதிகாரியம்மா போனில் மொழிபெயர்க்கும் பெண் ஒருத்தியைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்து மேஜைமேல் வைத்தார். டீச்சர் சக்கர நாற்காலியைக் காட்டினார். அண்ணன் அதை மரியாதையோடு பார்த்தார், ஏதோ சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்குதாம்," என்றது போன். "ஆனா அவர் இதுவரைக்கும் இதுல உட்கார்ந்ததே இல்லையாம். முகாம்ல எல்லாம் சேறு, அங்க இது ஓடாதாம். பலகைதான் பழக்கமாம்."

கேட்டீர்களா? ஒரு பகல் முழுக்க விழுந்து எழுந்து, தோல் உரிந்து, சுவரை இடித்து அமைத்ததெல்லாம் அவருக்கு எட்டாத உயரத்தில் நின்றது. தாழ்ப்பாள் எட்டாது. குடம் எட்டாது. கட்டில் மதில் சுவராக நின்றது. கமோடு மேல் போட்ட வளையத்தைப் பார்க்கவே லாண்டரிக்காரருக்கு அவமானமாக இருந்தது. கால் இல்லாதவர் என்றதும் நாற்காலிதான் என்று நாலு பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். எப்படி நகருவார் என்று ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா? நாலு வீடு தள்ளி இருப்பவர்களிடம் கூட உங்களுக்கு எது வசதி என்று கேட்போம், அதை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அதிகாரியம்மா சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம் எதுவும் இல்லை. "மேடம், இது நடக்கற காரியமா தெரியலையே," என்று மெதுவாகச் சொன்னார்.

தம்பிக்கு மொழி புரியவில்லை, ஆனால் முகம் புரிந்தது. சட்டென்று அண்ணன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதுகைக் காட்டினான். தூக்கிக்கொண்டு போய் எல்லாவற்றையும் தானே செய்து காட்டிவிடலாம் என்று நினைத்தான் போல. அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குழந்தைகள் பெரியப்பாவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

லாண்டரிக்காரர்தான் முதலில் அசைந்தார். "ஸ்க்ரூடிரைவரை எடுப்பா," என்று பிளம்பரைப் பார்த்துக் கத்தினார். "எதுக்குடா பொம்மை மாதிரி நிக்கறே? எல்லாத்தையும் கீழ இறக்கு!"

"அண்ணே, நேத்து நீங்க பாடுபட்டு..."

"நான் பட்ட பாட்டைத் தூக்கிக் குப்பையில போடு. அவரைக் கேளு, எங்க வேணும்னு காட்டுவாரு."

டீச்சர் அதிகாரியம்மாவைப் பார்த்தார். கழுத்து விசிலைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். "எனக்கு ஒரு போன் பேச வேண்டியிருக்கு. கொஞ்சம் நேரம் ஆகும்," என்று சொல்லிவிட்டு அதிகாரியம்மா வெளியே போனார். அவருடைய போன் மேஜைமேலேயே இருந்தது. வெறுங்கையோடு போன் பேசப் போன அந்த அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அண்ணன் பலகையை உந்திக்கொண்டு முன்னால் போவார், சுவரில் விரலால் தொட்டுக் காட்டுவார். பிளம்பர் அங்கேயே துளை போடுவார். கட்டில் காலை அறுக்க லாண்டரிக்காரர் ரம்பத்தை எடுத்தபோது, அண்ணன் அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நாலு இழுப்பில் ஒரு கால் கீழே விழுந்தது. "ஆத்தாடி, என்ன கை!" என்றாள் லாண்டரிக்காரரின் மனைவி. போன் அதையும் மொழிபெயர்த்துவிட்டது. அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. அடுத்த காலை இன்னும் வேகமாக அறுத்தார்.

டீச்சர் தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே நகர்ந்து, பலகைச் சக்கரம் எங்கெல்லாம் தடுக்கும் என்று பார்த்தார். அந்த வயதில், அந்தப் புடவையில்! தம்பியின் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்தாள். நடுக்கூடத்தில் இருவரும் மோதிக்கொண்டு சிரித்தார்கள். கமோடு மேலிருந்த வளையத்தைக் கழற்றி, முன்னால் அகலமான மரப்படி ஒன்றைப் போட்டு அசையாமல் திருகினார்கள். யாரும் நேற்றைய உழைப்பைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. நான் எத்தனையோ உதவி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்ததைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் ஏராளம். செய்ததைத் தன் கையாலேயே கழற்றிப் போடுகிறவர்களை அன்று அந்த வீட்டில்தான் பார்த்திருக்க முடியும்.

அதிகாரியம்மா திரும்பி வந்தார். "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

அண்ணன் தாழ்ந்த படுக்கையிலிருந்து பலகைக்கு இறங்கினார். குளியலறைக்குள் போனார், படிமேல் கையூன்றி ஏறினார். திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெளியே எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தம்பி மட்டும் இரண்டு தடவை உள்ளே பாயப் பார்த்தான். லாண்டரிக்காரர் அவன் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அண்ணன் வெளியே வந்தார். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார், சட்டையில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

மூன்றாவது, கதவு. புதிதாகக் கீழே வைத்த தாழ்ப்பாளை நீக்கினார், கதவைத் தன் பக்கம் இழுத்துத் திறந்தார். வெளியே போனார். போனவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். கதவு திறக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். "வெளிப் பக்கத்துப் பிடி எட்டலையோ?" என்று பிளம்பர் கிசுகிசுத்தார். லாண்டரிக்காரர் தம்பியின் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். எல்லாம் கைகூடி வந்து கடைசியில் ஒரு கதவுப் பிடியில் போய்விடுமோ? தம்பி அவர் கையை உதறிவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்.

வாசலில் யாரும் இல்லை.

சந்து நீளத்துக்கும் பார்த்தார்கள். அந்தக் கோடியில், தெரு திரும்பும் இடத்தில், பலகையின் பின்பக்கமும் அகலமான தோளும் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் முக்கில் திரும்பி மறைந்துவிட்டார். தம்பி பதறிப்போய்க் காலை எடுத்து வைத்தான். டீச்சர் குறுக்கே கையை நீட்டினார்.

"வெளிய போயிட்டு உடனே உள்ள வரணும்னு சொல்லியிருந்தேனே," என்றார் அதிகாரியம்மா தயக்கத்தோடு.

"உடனேன்னு நீங்க சொல்லலை மேடம்," என்றார் டீச்சர். "நீங்க வீட்டை விட்டு வெளிய போனா எப்ப திரும்பி வருவீங்க?"

"வேலை முடிஞ்சா வருவேன்."

"அவருக்கும் ஏதாவது வேலை இருக்கும்."

அதிகாரியம்மா போய், அறுத்த கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். முட்டி நெஞ்சில் இடித்தது. லாண்டரிக்காரரின் மனைவி எல்லோருக்கும் காபி போட்டாள். தம்பி மட்டும் குடிக்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு முக்கையே பார்த்தபடி இருந்தான். ஊரை விட்டுக் கிளம்பின நாளிலிருந்து அண்ணன் அவன் கண்ணுக்கு மறைந்தது இதுதான் முதல் தடவை என்று அவன் மனைவி போனில் சொன்னாள்.

காபி ஆறிப்போன பிறகு சந்துக்குள் சக்கரச் சத்தம் கேட்டது. அண்ணன் வந்தார். முகமெல்லாம் வியர்வை, புழுதி. தம்பி உள்ளே விலகி வழிவிட்டான். கதவு திறந்தே இருந்தது. அவர் அதை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார், பிறகு தானே திறந்துகொண்டு உள்ளே வந்தார். அதிகாரியம்மா பக்கம் திரும்பவே இல்லை. நேரே தம்பிக்கு எதிரில் போய்ப் பலகையை நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டே படபடவென்று பேச ஆரம்பித்தார். கையால் இப்படிக் காட்டினார், அப்படிக் காட்டினார். தம்பி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றாரு?" என்றார் அதிகாரியம்மா. "ஏதாவது குறை இருக்கா?"

போனிலிருந்த பெண்தான் பதில் சொன்னாள்.

"இல்லைங்க. தம்பிக்கு ஊரைச் சொல்றாரு. முக்கு திரும்பினா ஒரு சைக்கிள் கடையாம், வாசல்ல செவப்பு சைக்கிள் ஒண்ணு தொங்குதாம். அதுக்குப் பக்கத்துல பள்ளிக்கூடமாம், பெரிய மரம் இருக்காம், பொண்ணுங்களை அங்க சேக்கலாமாம். ரோட்டைத் தாண்டற இடத்துல ஜாக்கிரதையா இருக்கணுமாம், வண்டிங்க வேகமா வருதாம். இத்தனை நாளா உன் தோள் மேலேர்ந்துதான்டா எல்லாத்தையும் பார்த்தேன், இன்னிக்கு நீ பாக்காததை நான் பார்த்துட்டு வந்திருக்கேன், வா உனக்குக் காட்டறேன்னு சொல்றாரு."